புள்ளிகளுக்கு அப்பால் என்ன பார்க்கிறார்கள்: யாழ்ப்பாணத்து அனுமதி வழிகாட்டல் நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாண நகரில், ரியூசன் நிலையங்களும் விசா முகவர் அலுவலகங்களும் அடுத்தடுத்து இருக்கும் வீதியொன்றில், மாடிக் கட்டடமொன்றின் மேல்தளத்தில் இயங்கும் வழிகாட்டல் நிலையம் ஒன்றைப் பற்றியது இம்மதிப்பீடு. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகளின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை ஆயத்தப்படுத்துவதே தன் பணி என்று அந்நிலையம் விளம்பரம் செய்கிறது. புத்தூரில் இருக்கும் என் தங்கையின் மகள், உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவள், அங்கே பதிவுசெய்தாள். தாய் தகப்பன் இருவருக்கும் தோட்டவேலையை விட்டு வர வசதிப்படாததால், பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற பெரியம்மாவாகிய நானே அவளோடு கூடப் போய், அமர்வுகள் பெரும்பாலானவற்றைப் பின்கதிரையில் இருந்து கேட்டேன். நிலையத்தின் பெயரைத் தரப்போவதில்லை. இதே பாடத்திட்டத்தை ஏறக்குறைய இதே சொற்களில் விற்கும் வேறு இடங்களும் இருப்பதால், என்ன விற்கப்படுகிறது என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும்.

கட்டணம் இரண்டரை இலட்சம் ரூபாய். மூன்று தவணையாகக் கட்டலாம். இதற்குள் அடங்குவன: பல்கலைக்கழகங்களைத் தெரிவுசெய்தல், ஆவணங்களை ஒழுங்குபடுத்தல், விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்துதல், நேர்முகப் பயிற்சி ஆகியவற்றோடு, ‘புரொபைல் பில்டிங்’ என்று அவர்கள் அழைக்கும் ஒரு பகுதி. பரீட்சைப் புள்ளிகளுக்கு வெளியே மாணவரிடம் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கான பகுதி அது என்று விளக்கம் தரப்பட்டது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதும், பெற்றோர் பணம் கட்டுவதற்கு முக்கிய காரணமாக இருப்பதும் அதுவே.

எங்களுடைய பெற்றோர் ஏன் இப்படி ஒரு சேவையை நாடுகிறார்கள் என்பது விளங்காத விடயமன்று. இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி, உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியில் தங்கியிருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மாணவர் எப்படிப்பட்டவர், பாடசாலை விட்டபின் என்ன செய்கிறார், வீட்டில் யாரைப் பராமரிக்கிறார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு நியாயமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் எழுபதுகளில் செய்ததை மறக்காத ஒரு சமூகம், எண்ணால் காட்ட முடியாத எந்த அளவுகோலையும் ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. அந்தச் சமூகத்தின் பிள்ளை ஒன்று, “நீ யார்?” என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தின் முன் உட்காரும்போது, வழிகாட்டுவதற்கு ஒருவர் தேவைப்படுகிறார். அந்தத் தேவையை இந்நிலையம் எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்பதே கேள்வி.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ஆவண வேலையில் இவர்களைக் குறைசொல்ல இடமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உயர்தரப் பெறுபேற்றை மட்டும் கேட்பதில்லை. கீழ்வகுப்புகளிலிருந்து வரும் பாடசாலைப் புள்ளிகளையும் கேட்கின்றன. தவணைத் தேர்ச்சி அறிக்கைகளைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அதிபரின் ஒப்பத்தோடு ஒழுங்காகத் தொகுப்பதை இங்குள்ள பணியாளர் ஒருவர் மிகுந்த பொறுமையோடு செய்து தந்தார். அதைவிட முக்கியமானது பாடசாலை விவரக்குறிப்பு. வகுப்பில் எத்தனை பேர், எந்தப் பாடத்திட்டம், புள்ளி வழங்கும் முறை எப்படி, ஆய்வுகூட வசதி என்ன என்று பாடசாலையே தன்னைப் பற்றிச் சொல்லும் அந்தத் தாள், கொழும்பின் சர்வதேசப் பாடசாலைகளில் ஆயத்தமாக இருக்கும். எங்களுடைய பாடசாலைகளில் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அதிபருடன் இருந்து அதை எழுத உதவிய வகையில், அடுத்து வரும் மாணவர்களுக்கும் சேர்த்து இந்நிலையம் ஒரு நன்மை செய்திருக்கிறது.

நிதியுதவி பற்றிய விளக்கமும் சரியாகவே இருந்தது. ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன், எம்.ஐ.ரி., அம்ஹேர்ஸ்ற் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமலே தெரிவுசெய்து, தேவைப்படும் உதவி முழுவதையும் வழங்குகின்றன. ஸ்ரான்போர்ட் உதவி வழங்கினாலும் தெரிவின்போது அந்தத் தேவையையும் கருத்தில் எடுக்கிறது. கலிபோர்னியா அரச பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அத்தகைய உதவியை எதிர்பார்க்க முடியாது. தோட்டக்காரர் ஒருவரின் மகளுக்கு, எங்கே விண்ணப்பிப்பது வீண் என்று தெரிவது, எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தெரிவதற்கு ஈடான உதவிதான்.

இனி, விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

முதல் அமர்விலேயே ஆலோசகர் கேட்டது சான்றிதழ்க் கோப்பைத்தான். பெறாமகளிடம் இருந்தது மெல்லியது: மாணவ முதல்வர் பதவி, தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டப் பரிசு, சாரணியச் சான்றிதழ் ஒன்று. எங்களுக்கு அடுத்திருந்த பையனின் பிளாஸ்ரிக் கோப்போ கல்யாண அல்பத்தைவிடக் கனத்தது. இவளுடைய கோப்பைப் புரட்டிவிட்டு ஆலோசகர் ஒரு பட்டியலைத் தந்தார். இணையவழியில் நடக்கும் மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாடு, பணம் கட்டினால் சில வாரங்களில் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிரசுரித்துத் தரும் வெளிநாட்டு நிகழ்ச்சி, இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து தொடங்கும் தொண்டு அமைப்பு, அதன் பெயரில் வன்னிக் கிராமமொன்றில் அப்பியாசக் கொப்பிகள் வழங்கும் வைபவம், அதற்கான பதாகை, புகைப்படம். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். தொண்டு அமைப்பின் தலைவர் பதவியை முன்னதாகவே ஒருவர் எடுத்துவிட்டதால், அவளுக்குச் செயலாளர் பதவி தரலாம் என்றார்கள்.

இப்பட்டியலின் குறைபாடு ஒழுக்கம் சார்ந்தது மட்டுமன்று. விண்ணப்பப் படிவத்தின் அமைப்பே இதற்கு எதிரானது. அமெரிக்காவின் பெரும்பாலான முன்னணிப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் கொமன் அப் படிவத்தில் செயற்பாடுகளுக்கு இருப்பவை 10 இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளே தரப்படுகின்றன. அதற்குள் அடங்குவது என்ன செய்தோம் என்பது மட்டுமே, பதாகைக்கு இடமில்லை. எம்.ஐ.ரி. கொமன் அப்பைப் பயன்படுத்துவதில்லை. தன்னுடைய சொந்தப் படிவத்தில் நான்கு செயற்பாடுகளுக்கு மேல் எழுத இடமே தருவதில்லை. நான்கு வரிகளுக்குள் தன்னைச் சொல்ல வேண்டிய பிள்ளைக்குப் பதினைந்து சான்றிதழ் சேர்த்துக்கொடுப்பது பணச்செலவு மட்டுமன்று. எதை விடுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளையைத் திணறவைப்பதும் ஆகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தங்கள் தெரிவு அளவுகோல்களை ஆண்டுதோறும் பொதுத் தரவுத் தொகுப்பு என்ற பெயரில் வெளியிடுகின்றன. இதை யாரும் இலவசமாக இறக்கி வாசிக்கலாம். அதன் சி 7 என்ற பகுதியில் பாடங்களின் கடினம், வகுப்பு நிலை, புள்ளிகள், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்முகம், புறச்செயற்பாடு, தனித்திறன், பண்பு, தொண்டுப்பணி, தொழில் அனுபவம் முதலிய ஒவ்வொன்றுக்கும் அந்நிறுவனம் எவ்வளவு பெறுமதி கொடுக்கிறது என்று நிரலிட்டிருப்பார்கள். எம்.ஐ.ரி. தன் நிரலில் ‘மிக முக்கியம்’ என்று குறித்திருப்பது பண்பையும் தனிப்பட்ட குணங்களையும்தான். கூடி வேலைசெய்யும் மனம், தானாக முன்வந்து ஒன்றைத் தொடங்கும் துணிவு, கையால் செய்து பார்க்கும் ஆர்வம், ஓய்வுக்கும் இடம் வைக்கும் சமநிலை என்று தான் தேடுவதையும் அந்நிறுவனம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஸ்ரான்போர்ட் தேடுவது அறிவார்ந்த உயிர்ப்பை. விடுதியில் ஒரே அறையில் இருக்கப்போகும் தோழிக்கோ தோழனுக்கோ ஒரு குறிப்பு எழுதும்படி அது கேட்பதும் அதற்காகத்தான். இரண்டரை இலட்சம் கட்டிய எங்களுக்கு இந்தத் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. அதை நாங்கள் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, ஆலோசகர் தன் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பட்டியலால் மறைக்கப்பட்டது என்ன என்பதைச் சொன்னால் என் ஆதங்கம் விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கற்பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே. வடகீழ்ப் பருவமழையோடு கிணறு ஏறும். ஆவணி, புரட்டாதியில் அடிமட்டத்துக்கு இறங்கும். செம்மண் தோட்டங்களில் இடும் உரம் பாறை வெடிப்புகளின் வழியே நீருக்குள் இறங்கி நைத்திரேற்றாகச் சேர்வதை யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு சாதாரண சனமும் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது. பெறாமகளின் வீட்டுக்கு அண்மையிலிருக்கும் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் அப்படி என்று கேட்டவள் இவள். தரம் பத்திலிருந்து தங்கள் தோட்டக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சிட்டு அளந்து, ஒரு சி.ஆர். கொப்பியில் வாராவாரம் எழுதிவந்திருக்கிறாள். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து சோதனைத் தாள் வாங்கிவந்து, வெங்காயத்துக்கு யூரியா இட்ட பிறகும் மழைக்குப் பிறகும் நைத்திரேற்று எப்படி மாறுகிறது என்று பார்த்திருக்கிறாள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறித்திருக்கும் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய காலங்களில் அம்மம்மாவுக்கும் கைக்குழந்தை இருந்த அயல்வீட்டுக்கும் வேறு கிணற்றுத் தண்ணீர் அள்ளிக்கொடுத்ததும் அவளே.

இந்தக் கொப்பியை ஆலோசகர் பார்த்தார். “இதுக்கு சேர்ட்டிபிக்கற் ஒண்டும் இல்லையே, தங்கச்சி” என்றார். படுக்கையிலிருந்த அம்மம்மாவைக் காலையும் மாலையும் பராமரித்ததைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கியபோது, அது வீட்டுவேலை, விண்ணப்பத்துக்கு உரியதன்று என்று வெட்டிவிட்டார். கொமன் அப் படிவத்தின் செயற்பாட்டு வகைகளில் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒரு வகை இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் ஒரு வகை இருக்கிறது. ஹாவார்ட் கல்விப் பீடத்தைச் சேர்ந்த குழுவொன்று 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இதையே வலியுறுத்தியது: நீண்ட பட்டியலைக் குறைத்து, குடும்பத்துக்காகவும் அயலுக்காகவும் தொடர்ந்து செய்யும் பணிக்கு அனுமதி அலுவலர்கள் பெறுமதி தர வேண்டும் என்றும், தூரதேசம் போய்ச் செய்யும் சில நாள் சேவைக்கு மயங்கக்கூடாது என்றும் அது கேட்டுக்கொண்டது. பல முன்னணிப் பல்கலைக்கழகங்களின் அனுமதி அலுவலர்கள் அதற்கு ஆதரவு தெரிவித்திருந்தார்கள். வன்னிக்குக் கொப்பி கொண்டுபோகும் வைபவம், அவர்கள் எதைக் கண்டு அலுத்தார்களோ அதன் உள்ளூர்ப் பிரதி என்பதை இந்நிலையம் அறியவில்லை.

விண்ணப்பத்தை வாசிப்பவர்கள், கிடைத்த வசதிக்குள் இந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றே பார்க்கிறார்கள் என்பதை அந்தப் பல்கலைக்கழகங்களே திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. பாடசாலை விவரக்குறிப்பைக் கேட்பதும் இதற்காகவே. ரோபோ போட்டிகளுக்கு அணி அனுப்பும் பாடசாலையில் படித்த பிள்ளையையும், ஆய்வுகூடத்தில் அளவிகளைப் பகிர்ந்து பயன்படுத்திய பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதற்கு அவர்களுக்கு விருப்பமில்லை. விவரக்குறிப்பை நேர்த்தியாக எழுதிக்கொடுத்த அதே நிலையம், அது எதற்குப் பயன்படுகிறது என்று யோசிக்காமல், அடுத்த மேசையில் கொழும்புப் பிள்ளையைப் பார்த்து வரைந்த பட்டியலை நீட்டுவதுதான் எனக்கு வியப்பு.

கட்டுரை விடயத்தில் நடந்தது இதைவிட வருத்தமானது. கொமன் அப் கட்டுரைக்கு 650 சொற்கள் மேலெல்லை. தலைப்புகள் பரந்தவை; எதையும் எழுதலாம். ஆலோசகரின் புத்திமதி சுருக்கமானது: “யுத்தத்தைப் பற்றி எழுதுங்கோ, அதுதான் அங்க எடுபடும்.” பெறாமகளுக்கு 2009ஆம் ஆண்டின் நினைவு இல்லை, அவள் அப்போது நடை பழகாத குழந்தை. குடும்பம் இடம்பெயர்ந்த கதை அவளுடைய தாயின் கதை, என்னுடைய கதை. அதைக் கடன்வாங்கித் தன் காயமாக எழுதும்படி ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்கவில்லை. நிலையத்தின் மாதிரிக் கட்டுரைக் கோப்பில் இருந்த பல கட்டுரைகள் பதுங்குகுழியில் தொடங்கி வெள்ளை மேலங்கியில் முடிந்தன. மொழிநடையும் ஒரே கையால் எழுதப்பட்டது போல இருந்தது. கணனியிடம் கேட்டு எழுதியிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன்னுடையதென்று அனுப்புவதைக் கொமன் அப் மோசடியாகவே கருதுகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

போரை எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போர் ஒரு பிள்ளையின் வாழ்வில் எங்கே தொட்டதோ அங்கே அதை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கில் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் இனத்தை அனுமதிக்கான காரணியாக எடுப்பதைத் தடைசெய்தபோது, பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ் எழுதிய தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தே விட்டது: இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று விண்ணப்பதாரி எழுதினால், அந்த ஆளுடைய குணத்தோடோ திறனோடோ அது இணைந்திருக்கும் அளவுக்குப் பல்கலைக்கழகம் அதைக் கருதலாம். துன்பத்துக்குப் புள்ளி போடும்படி அங்கே சொல்லப்படவில்லை. துன்பத்தோடு இந்த ஆள் என்ன செய்தார் என்பதையே பார்க்கச் சொல்லப்படுகிறது. இந்த வேறுபாடு நிலையத்துக்கு விளங்கியிருந்தால், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதுங்குகுழியைக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அந்த வழக்கில் வெளிவந்த இன்னொரு செய்தியையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. 2018 ஒக்ரோபரில் பொஸ்ரனில் நடந்த விசாரணையில், ஹாவார்ட் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கல்வி, புறச்செயற்பாடு, விளையாட்டு, தனிப்பட்ட பண்பு ஆகிய தலைப்புகளில் 1 முதல் 6 வரை மதிப்பிடுவது தெரியவந்தது. பண்புக்கான மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர்கள் சராசரியாகக் கீழே நின்றது வழக்குத் தொடுத்தவர்களின் பிரதான முறைப்பாடுகளில் ஒன்று. ஆகவே, பண்பை அளக்கும் முறை குற்றமற்றது என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் அம்பலமான மோசடியில், றிக் சிங்கர் என்ற ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடம் பணம் வாங்கி, விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி யேல், ஸ்ரான்போர்ட் முதலிய இடங்களின் பயிற்றுநர்களுக்கு இலஞ்சம் கொடுத்து நுழைக்க முயன்றதும் இதே ஓட்டையின் வழியாகத்தான். எண்ணால் காட்ட முடியாததை மதிப்பிடும் இடத்தில் பணம் நுழையப் பார்க்கும். செயலாளர் பதவிக்குக் கட்டணம் கேட்பது அதன் சிறிய வடிவம்.

பரிந்துரைக் கடிதங்களுக்கு வருவோம். ஹாவார்ட் போன்ற இடங்கள் பாட ஆசிரியர் இருவரிடமிருந்தும் பாடசாலை ஆலோசகரிடமிருந்தும் கடிதம் கேட்கின்றன. எங்களுடைய பாடசாலைகளில் அந்த ஆலோசகரின் இடத்தில் அதிபரோ பிரதி அதிபரோதான் நிற்க வேண்டும். மாணவர் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை வழக்கமாக விட்டுக்கொடுப்பார். ஆசிரியர் நேரடியாக இணையத்தில் பதிவேற்றுவார். நிலையமோ ஏற்கெனவே எழுதப்பட்ட கடிதமொன்றை ஒப்பத்துக்காகப் பௌதிகவியல் ஆசிரியரிடம் அனுப்பிவைத்தது. அவர் என்னோடு முன்பு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். கடிதத்தில் ‘சிறந்த தலைமைத்துவம்’, ‘அயராத உழைப்பு’, ‘முன்மாதிரியான ஒழுக்கம்’ எல்லாம் இருந்தன. பெயரை மாற்றினால் நான் படிப்பித்த எந்தப் பிள்ளைக்கும் பொருந்தியிருக்கும். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானே தமிழில் எழுதினார். பாடசாலையின் ஆங்கில ஆசிரியை பெயர்த்துக்கொடுத்தார். ஊசற் பரிசோதனையில் புவியீர்ப்பு ஆர்முடுகலின் பெறுமானம் தள்ளிப்போனபோது, மற்றவர்கள் புத்தகத்து விடையை எழுதிவிட்டுப் போக, இவள் இடைவேளையிலும் நின்று, நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காததுதான் பிழை என்று கண்டுபிடித்த கதையை எழுதியதாகப் பின்னர் சொன்னார். புள்ளிக்கு அப்பால் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் காட்டக்கூடிய மிகத் தெளிவான உதாரணம் அந்தக் கடிதமே. எங்களுடைய ஆசிரியர்களிடம் இத்தகைய கதைகள் நிறைய இருக்கின்றன. நற்சான்றிதழ் எழுதும் பழக்கம் மட்டுமே இருப்பதால் அவை கடிதத்துக்குள் வருவதில்லை. ஆசிரியர்களுக்கு இதை விளக்கும் ஒரு மணிநேரக் கூட்டத்தை நிலையம் நடத்தியிருந்தால், வாங்கிய கட்டணத்தில் பாதிக்கு அதுவே ஈடாகியிருக்கும்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் தொடர்பில் நிலையத்தின் அறிவு பழையது. இங்கும் அதே புரொபைல் பட்டியலைத்தான் பயன்படுத்தினார்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் படிக்கப்போகும் பாடத்தில் உள்ள ஆழத்தையே பார்க்கின்றன. கிரிக்கெட் அணித் தலைமையும் சாரணியப் பதக்கமும் பாடத்தோடு தொடர்புபடாவிட்டால் தெரிவில் பெரிதாக எடுபடுவதில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன வாசித்தாய், எந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினாய் என்பதே அங்கே கேள்வி. டிசம்பரில் நடக்கும் நேர்முகமும் அப்படியே. தெரியாத கணக்கொன்றைக் கொடுத்து, நீங்கள் உரத்து யோசிப்பதைக் கேட்பார்கள். அதற்கு நிலையம் தந்த பயிற்சியோ, ‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற வகையிலான வங்கி வேலைக் கேள்விகள். மேலும், பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமாகிய யூகாஸின் தன்விளக்கம் 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து ஒரே கட்டுரையாக இல்லாமல் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. மொத்த எல்லை 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. எங்களுக்குத் தரப்பட்ட மாதிரிகள் பழைய முறையில் இருந்தன. ஒக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது என்பதை மட்டும் சரியாகச் சொன்னார்கள்.

கனடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரொறன்ரோவில் ஒரு மாமாவாவது இல்லாத வீடு இங்கே அரிது என்பதால் எல்லாருக்கும் ஏதோ தெரியும். அங்கே பல பாடநெறிகளுக்குப் புள்ளியே போதும். வோட்டர்லூவின் பொறியியலும் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகமும் தனிப்பட்ட விவரங்களைக் கேட்கின்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் லெஸ்ரர் பியர்சன் புலமைப்பரிசிலுக்குப் பாடசாலை ஒரு மாணவரை மட்டுமே முன்மொழியலாம் என்பதால், அதிபரிடம் வேளைக்கே பேசுங்கள்.

வெற்றி வீதம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பெற்றோர் நம்பி ஏமாறக்கூடாது. ஹாவார்ட், ஸ்ரான்போர்ட், எம்.ஐ.ரி. ஆகியவை விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐவரைக்கூட எடுப்பதில்லை. வெளிநாட்டவருக்கு அது இன்னும் அரிது. சுவரிலுள்ள எண்ணில் அடங்குபவர்கள் பெரும்பாலும் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள் என்பதை வரவேற்பில் இருந்த பிள்ளையே மறைக்காமல் சொன்னது. மாணவரைச் சேர்த்துக் கொடுக்கும் முகவருக்குத் தரகு கொடுக்கும் நிறுவனங்கள் பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பல உண்டு. ஹாவார்டோ ஒக்ஸ்போர்டோ அப்படிக் கொடுப்பதில்லை. மாணவரின் பட்டியலில் எந்தப் பல்கலைக்கழகம் கடைசி நிமிடத்தில் ஏறுகிறது என்று கவனித்தால், தரகு எங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம். எங்களுடைய பட்டியலிலும் நாங்கள் கேளாத ஒரு பெயர் ஏறியது. நீக்கச் சொன்னதும் மறுப்பின்றி நீக்கினார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கான வகுப்பு சுமார். எம்.ஐ.ரி. 2022இலும் ஹாவார்ட் 2024இலும் அத்தகைய பரீட்சையொன்றை மீண்டும் கட்டாயமாக்கியதால், அதைத் தவிர்க்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்த உறவினர் சொல்வதைக் கேட்காதீர்கள். கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதன் கணக்குகள் பொருட்டன்று. ஆங்கில வாசிப்புக்குத்தான் உழைக்க வேண்டும், அதற்கு இந்த வகுப்பு போதாது.

பெறாமகள் கடைசியில் கிணற்றுக் கொப்பியைப் பற்றியே எழுதினாள். செயற்பாட்டுப் பட்டியலில் அம்மம்மாவைப் பராமரித்தது இரண்டாவது இடத்திலும், மாணவ முதல்வர் பதவி நான்காவதிலும் வந்தன. ஆறு இடங்களை வெறுமையாகவே விட்டாள். ஆலோசகர் அதற்கு உடன்படவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தார், அதைக் கவனமாகவே செய்தார்.

பணம் கட்ட யோசிப்பவர்களுக்கு: ஆவணங்கள், பாடசாலை விவரக்குறிப்பு, நிதியுதவிப் படிவங்கள் ஆகியவற்றை மட்டும் தனியாகச் செய்துதரும்படி கேளுங்கள். விளம்பரத்தில் இல்லாவிட்டாலும், கேட்டால் முழுக் கட்டணத்தின் மூன்றிலொரு பங்குக்குச் செய்கிறார்கள். அந்த விலைக்கு அது பெறுமதியானது. புரொபைல் பகுதிக்கும் கட்டுரைப் பகுதிக்கும் பணம் கட்ட வேண்டாம். அமெரிக்க விண்ணப்பங்கள் தொடர்பான ஆலோசனையைக் கொழும்பிலுள்ள புல்பிறைட் ஆணைக்குழுவின் எடியுகேசன் யூ.எஸ்.ஏ. பிரிவில் பெறலாம். வசதி குறைந்தவர்கள் விண்ணப்பக் கட்டண விலக்கையும் படிவத்துக்குள்ளேயே கோரலாம். இதை நிலையத்தில் கேட்டால்தான் சொல்வார்கள். தேர்ச்சி அறிக்கைகளின் பிரதிகளை எடுக்கும் வேலையை ஆடி மாதத்துக்கு முன் தொடங்குங்கள், ஏனெனில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் விண்ணப்பங்களின் முடிவுநாள் ஒக்ரோபர் 15. அமெரிக்காவின் முன்கூட்டிய சுற்று பெரும்பாலும் நவம்பர் 1இல் முடிகிறது.